ரசம் ஆறாத தூரம்

வீடு கட்டுகிறவர்கள் பிறரிடம் அபிப்பிராயம் கேட்பது பெரும்பாலும் சுவர் எழும்பிக் கூரையும் போட்ட பிறகுதான். அப்போது "நன்றாயிருக்கிறது" என்பதைத் தவிர வேறு எதைச் சொன்னாலும் சிநேகிதம் முறிந்துவிடும். ஆர்.எஸ். மங்கலத்தில் வீடு கட்டப் போகும் நண்பர் ஒருவர் இந்த வழக்கத்துக்கு மாறாக, வீடு காகிதத்தில் இருக்கும்போதே நம்மை அழைத்துப் படத்தைக் காட்டினார். காகிதத்திலுள்ள சுவரை ரப்பரால் இடித்துவிடலாம் என்ற தைரியத்தில் நாமும் போனோம்.

பஸ்களில் ஆர்.எஸ். மங்கலம் என்று எழுதியிருக்கும் ஊரின் முழுப் பெயர் இராஜசிங்கமங்கலம். பாண்டிய மன்னர் பெயரைத் தாங்கிய ஊர். ஊரைவிடப் பெரியது அதன் கண்மாய். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்" என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் சொல்லுவார்கள். நாரையால் ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாதாம். மழை பொய்த்த வருஷங்களில் அதே நாரை நடந்தே கடக்கலாம் என்பது வேறு விஷயம். மாசி, பங்குனியில் போனால் மிளகாய் காயாத களம் இராது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய் அதுதான். மிளகாயைப் பற்றி இங்கே சொல்வதற்குக் காரணமுண்டு, பின்னால் வரும்.

நண்பரின் மனை கிழக்குப் பார்த்தது, 40 அடிக்கு 60 அடி, ஐந்தரை செண்ட். குடும்பத்தில் ஆறு பேர். நண்பர், ஆசிரியையாக இருக்கும் அவர் மனைவி, இரண்டு குழந்தைகள், எழுபத்தெட்டு வயதான தகப்பனார், எழுபத்திரண்டு வயதான தாயார். குழந்தைகள் பெரியவர்களை ஐயா என்றும் அப்பத்தா என்றும் அழைக்கிறார்கள். மனை இன்னும் ஐயாவின் பெயரில்தான் இருக்கிறது.

படம் அழகாகத்தான் இருந்தது. தென்மேற்கு மூலையில் ஓர் அறை, அதை ஒட்டிக் குளியலறை, அதன்மேல் "கிராண்ட்பேரண்ட்ஸ் சூட்" என்று பெரிய எழுத்து. "பெற்றோரைத் தனியாக விடவும் மனமில்லை, அவர்களுக்குத் தனி வசதி இல்லாமல் வைத்துக்கொள்ளவும் மனமில்லை. அதனால்தான் இந்த ஏற்பாடு" என்றார் நண்பர். நல்ல மனசுதான். ஐயா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை வெகு நேரம் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதிலே எனக்கு வாசல் எந்தப் பக்கம்?"

"கூடத்து வழியாகத்தான், அப்பா."

"அப்படியென்றால் என்னைத் தேடி வருகிறவன் உன் கூடத்தைத் தாண்டி, உன் சாப்பாட்டு மேஜையைத் தாண்டி வரவேண்டும். ஒரு தடவை வருவான். மறு தடவை வரமாட்டான்."

நண்பர் நம்மைப் பார்த்தார். நாம் படத்தைப் பார்த்தோம். ஐயா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

பழைய நாளில் கிழவர்களுக்கு வீட்டில் அறை கிடையாது, திண்ணை இருந்தது. திண்ணை என்பது வீட்டின் மிச்சம் மீதியான இடம் என்று இன்று நினைக்கிறோம். உண்மையில் அது தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த ஒரு ராஜ்யம். அங்கே உட்கார்ந்திருப்பவரைப் பார்க்க யாருடைய அநுமதியும் வேண்டாம். போகிற வருகிறவர்களே சமாசாரப் பத்திரிகை. கிழவிகளின் கதி வேறு. இரண்டாங்கட்டின் இருட்டில், சாமான் அறைக்கும் அடுக்களைக்கும் நடுவே ஒரு பாய்தான் அவர்களுக்குக் கிடைத்தது. ஆகவே பழைய வீட்டை முழுவதும் புகழ்வதற்கு நாம் தயாராயில்லை. ஆனால் திண்ணையை இடித்து அந்த இடத்தில் கார் நிறுத்தத் தொடங்கியபோது, கிழவரையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினோம் என்பதை மறுப்பதற்கில்லை.

ஒரே கூரையின் கீழ்த் தனித்தனிக் குடித்தனம் என்ற யோசனை மேல்நாட்டிலிருந்து நேற்று வந்தது என்று நினைப்பவர்கள், காரைக்குடிப் பக்கம் போய்ப் பார்க்கலாம். 1985-ல் சிவகங்கை தனி ஜில்லாவாகப் பிரியும் வரையில் அதுவும் இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்ததுதான். நாட்டுக்கோட்டை நகரத்தார் வீடுகளில் வளவைச் சுற்றி வரிசையாக அறைகள் உண்டு. மகனுக்குக் கலியாணமானதும் ஓர் அறையும் தனி அடுப்பும் கொடுத்து "வேறு வைத்து" விடுவார்கள். வீடு ஒன்று, பூஜை ஒன்று, விசேஷங்கள் ஒன்று, உலை மட்டும் வேறு. ஒரு குடும்பத்தின் அரிசிக் கணக்கு மற்றொரு குடும்பத்துக்குத் தெரியவேண்டியதில்லை. பணத்தை எண்ணத் தெரிந்தவர்கள் மனஸ்தாபத்தின் விலையையும் எண்ணியிருக்கிறார்கள்!

கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் கிழக்குக் கரையில் இன்னும் விசேஷமான வழக்கம் இருக்கிறது. மட்டக்களப்பு, அக்கரைப்பற்றுப் பகுதிகளில் தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரும் மூத்த மகளுக்குக் குடியிருக்கும் வீட்டையே சீதனமாகக் கொடுப்பதுண்டு. பெற்றோரும் மணமாகாத பிள்ளைகளும் பக்கத்திலேயே வேறொரு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அங்கே வீட்டை விட்டு நகர்கிறவர்கள் பெரியவர்கள்தான். அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. ஏனென்றால் அது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த ஏற்பாடு. ஐர்லாந்தின் மேற்குப் பகுதியில் 1930-களில் ஆராய்ந்த இரு அமெரிக்கர்களும் இதே போன்ற ஒன்றைக் கண்டார்கள். மகன் கலியாணம் செய்துகொண்டு நிலத்தை ஏற்றதும், கிழத் தம்பதிகள் வீட்டின் மேற்கு அறைக்குக் குடிபோவார்கள். அந்த அறைக்குக் குடும்பத்தில் ஒரு தனிக் கௌரவமுண்டு. இரண்டு இடத்திலும் நமக்குப் புலனாவது ஒன்றே: பெரியவர்களுக்கென்று குறித்த இடம் இருக்கவேண்டும், அது மிச்சப்பட்ட இடமாக இருக்கக் கூடாது.

ஜப்பானில் இதை வியாபாரமாகவே செய்தார்கள். 1975-ல் அஸாஹி கஸெய் என்ற கம்பெனி, இரண்டு தலைமுறைகளுக்கு இரண்டு குடித்தனங்கள் சேர்ந்த வீடு என்று ஒன்றை விற்கத் தொடங்கியது. இரண்டு சமையலறை வைத்த வீட்டை யார் வாங்குவார்கள் என்று சந்தேகப்பட்டவர்களும் இருந்திருக்கலாம். இன்று ஜப்பானில் அது சகஜமான வீட்டு வகை. அங்கே பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே இருக்கவேண்டிய இடைவெளியை "சூப்பு ஆறாத தூரம்" என்பார்கள். இதே அளவுகோலை 1948-லேயே இங்கிலாந்தில் ஷெல்டன் என்ற டாக்டர் பிரயோகித்திருக்கிறார். உல்வர்ஹாம்ப்டன் நகரத்துக் கிழவர்களை வீடு வீடாகச் சென்று விசாரித்த அவர், சொந்தக்காரர் "அருகில்" இருப்பதற்கு இலக்கணம் வகுக்க வேண்டியிருந்தது. சுடச்சுடச் சமைத்த சாப்பாட்டை மறுபடி அடுப்பில் வைக்காமல் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடிய தூரம் என்று வைத்துக்கொண்டார். நமக்கு சூப்பு வேண்டாம், ரசம் போதும். ரசம் ஆறாத தூரத்தில் இருக்கவேண்டும். ரசத்தில் உப்புப் போதவில்லை என்ற பேச்சு காதில் விழாத தூரமாகவும் இருக்கவேண்டும்!

நம் ஜனங்கள் நிறையக் குடியேறியிருக்கும் சிங்கப்பூரில் சர்க்கார் வீட்டு வாரியமே 2013-ல் மூன்று தலைமுறை வீடு என்று ஒரு தினுசைத் தொடங்கியது. சுமார் 115 சதுர மீட்டர், நான்கு படுக்கையறை, அவற்றில் இரண்டுக்குத் தனித்தனிக் குளியலறை. மாடிக் கட்டடத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஆனால் வாசல் ஒன்றுதான். நம் ஐயா அங்கேயும் அதே கேள்வியைக் கேட்டிருப்பார்.

2011 ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயது கடந்தவர்கள். இந்தியா முழுவதற்கும் அது 8.6 தான். அதற்குப் பிறகு இந்த விகிதம் ஏறியே வருகிறது. ஆகவே இது ஒரு நண்பர் வீட்டுச் சங்கதி மாத்திரம் அல்ல. 2024-ல் தமிழ்நாடு அரசு, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரையிலான சொந்த வீட்டுக்குச் சுயசான்றின் பேரில் உடனடியாக அநுமதி கிடைக்க வழி செய்தது. நண்பரின் மனை 2,400 சதுர அடி. நடையாய் நடக்க வேண்டியதில்லை, நல்லதுதான். ஆனால் அநுமதிக்கு அலைந்த நாட்களில் வேறு வழியின்றி நாலு பேரிடம் படத்தைக் காட்டி யோசித்துக்கொண்டிருந்தோமே, அந்த யோசனை இப்போது குறைந்துவிட்டது.

நிற்க. தென்மேற்கு மூலைக்கு வருவோம். குடும்பத்தில் மூத்தவருக்குக் கன்னி மூலை என்பது வாஸ்து சாஸ்திரம். சாஸ்திரத்தோடு நமக்குச் சண்டை இல்லை. சூரியனோடுதான் சண்டை. இராமநாதபுரம் வெயிலில் பிற்பகல் முழுவதும் மேற்குச் சுவர் காய்ந்து, இராத்திரி பத்து மணி வரையில் அந்தச் சூட்டை அறைக்குள் கக்கிக்கொண்டிருக்கும். வயதான உடம்புக்குத் தாகமும் தெரியாது. வேர்வையும் சரியாக வராது. பகலெல்லாம் வீட்டிலேயே இருக்கப் போகிறவர்களுக்கு வீட்டிலேயே சூடான அறையைக் கொடுப்பது எந்தச் சாஸ்திரத்துக்குச் சம்மதமோ தெரியவில்லை. கடற்காற்று வருவதோ கிழக்கிலிருந்து. கடல் நெடுந்தூரமில்லை, கொதிக்கிற நாளிலும் பிற்பகலில் ஒரு காற்று வந்துவிடும்.

ஆகவே பெரியவர்களை வடகிழக்குக்குக் கொண்டுவந்தோம். உடனே ஓர் ஆட்சேபம் எழுந்தது. "ஈசானிய மூலையிலே கக்கூஸா?" என்றாள் அப்பத்தா, காதில் விழக் கூடாததைக் கேட்டவள்போல். கேட்டது நியாயம்தான், அது அவள் வீடு. படத்தைத் திருப்பிப் போட்டோம். தெருவைப் பார்த்து மூலையில் திண்ணை, ஐந்தடி அகலம். அதற்குப் பின்னால் 13 அடிக்கு 12 அடியில் அறை. கிழக்கிலும் வடக்கிலும் ஜன்னல். அறைக்குப் பின்னால், ஈசானியத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, வடசுவரை ஒட்டி 8 அடிக்கு 6 அடியில் குளியலறை. அதற்குப் பக்கத்தில், நடு முற்றத்தைப் பார்த்து 7 அடிக்கு 7 அடியில் ஒரு சிறு அடுக்களை. சுவர்களோடு சேர்த்து எல்லாமாக 370 சதுர அடிதான். ஐயாவுக்கு வாசல் கிடைத்தது. ஈசனுக்கு மூலை கிடைத்தது.

இரண்டாவது அடுக்களை எதற்கு என்று நண்பர் கேட்டார். வீண் செலவு, அம்மா இனிச் சமைக்க வேண்டாம், அவர் மனைவி எல்லாருக்குமாகச் சமைக்கிறார், ஓய்வு எடுத்துக்கொள்ளட்டும் என்பது அவர் கட்சி. அப்பத்தா பேசவில்லை. பேசியவர் நண்பரின் மனைவிதான். "அத்தைக்கு விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு காபி வேண்டும். மாமாவுக்குப் பதினோரு மணிக்குக் கொஞ்சம் கஞ்சி வேண்டும். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருப்பேன். என் அடுக்களையில் சாமான் இடம் மாறியிருந்தால் எனக்குக் கோபம் வரும்; கோபம் வந்ததற்காக அப்புறம் நாளெல்லாம் வருத்தமாயிருக்கும். அடுப்பு ஒன்று கூட இருந்தால் நாங்கள் இரண்டு பேரும் சிநேகமாக இருந்துவிடுவோம்" என்றார். இதைவிடத் தெளிவாக எந்த இஞ்சினியரும் சொல்லியிருக்க முடியாது. சமைக்கத் தெரிந்த ஒருத்தியிடமிருந்து அடுப்பை வாங்கிக்கொள்வதை ஓய்வு என்று சொல்லக் கூடாது.

முற்றமும் அப்பத்தாவின் கட்சியால் வந்ததுதான். முன்பு படத்தில் முற்றம் இல்லை. மிளகாய், வற்றல், வடாம் எல்லாம் மொட்டை மாடியில் காயலாம் என்று எண்ணியிருந்தார்கள். மாடிப்படி ஏறமுடியாத ஒருத்தியின் மிளகாய் எப்படி மாடியில் காயும்? பத்துக்குப் பத்தில் ஒரு முற்றம் வந்தது. மழைத் தண்ணீர் அதில் விழுந்து கீழ்த்தொட்டிக்குப் போகும். மழைநீர்ச் சேகரிப்பைச் சட்டம் கட்டாயமாக்கியது 2003-ல். ஊருணித் தண்ணீர் குடித்து வளர்ந்த ஜில்லாவுக்கு அதைச் சட்டம் போட்டுச் சொல்லவேண்டியதில்லை.

இனித்தான் கஷ்டமான பகுதி. கண்மாய் ஊர் என்பதால் தரைமட்டத்தைத் தெருவிலிருந்து இரண்டரை அடி உயர்த்தியிருந்தார்கள். தண்ணீர் புகாது, சரி. ஐயாவின் முழங்காலோ ஐந்து படிகளைப் பார்த்தே வலிக்கத் தொடங்கிவிடுகிறது. சரிவுப் பாதை வைக்கலாம் என்றால், ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும் என்பது கணக்கு. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் சக்கர நாற்காலி கீழே ஓடிவிடும்; தள்ளுகிறவரும் பின்னாலேயே ஓடவேண்டியதுதான். இரண்டரை அடிக்கு 30 அடி நீளம். அதைப் பதினைந்து அடி போய், நடுவில் ஒரு மேடையில் திரும்பி, மறுபடி பதினைந்து அடி வருகிற மாதிரி மடித்தோம். வாசலின் வடபாதி முழுவதும் போய்விட்டது. அங்கேதான் நண்பர் கார் நிறுத்த எண்ணியிருந்தார்.

அரைமணி நேரம் ஒருவரும் பேசவில்லை. காரா, அப்பாவா என்று வாயால் கேட்டால் யார்தான் கார் என்று சொல்வார்கள்? ஆனால் வீடுகளில் அந்தக் கேள்வி வாயால் கேட்கப்படுவதில்லை. படத்தில் கார் கொட்டகை முதலில் வந்துவிடுகிறது. மிச்சமுள்ள இடத்தில் நாலு படி வந்துவிடுகிறது. அப்புறம் கிழவர் வெளியே வருவது தானாகவே நின்றுவிடுகிறது. யாருக்கும் யார்மேலும் பழியில்லை. நண்பர் கடைசியில், "தெருவில் வேப்பமரம் இருக்கிறது, அதன் கீழே நிற்கட்டும்" என்றார். கொஞ்சம் வருத்தமாகத்தான் சொன்னார். வருத்தப்பட்டதற்காக அவரை நாம் குறைவாக நினைக்கவில்லை.

குளியலறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். கீழே விழுவதனால் உலகத்தில் வருஷந்தோறும் சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. அவர்களில் அறுபது வயது தாண்டியவர்களே அதிகம். குளியலறை ஈரமான இடம்; நடுநிசியில் அரைத் தூக்கத்தில் போகும் இடம். ஆகவே கட்டிலிலிருந்து அதற்குப் பத்தடிக்கு மேல் நடக்கவேண்டியிருக்கக் கூடாது. கதவு மூன்றடி அகலம், வெளிப்பக்கம் திறக்கவேண்டும். உள்பக்கம் திறக்கிற கதவின் மேலேயே ஒருவர் விழுந்து கிடந்தால், காப்பாற்ற வருகிறவர் கதவைத் தள்ளித் தள்ளி என்ன பயன்? உட்காரும் பீடம் 17 முதல் 19 அங்குல உயரம். அதன் பக்கச் சுவரில் மூன்றடிக்குச் சற்றுக் குறைவாக ஒரு பிடிகம்பி. கம்பியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். பிறகு பார்ப்பது ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு. உப்புக் காற்றும் உப்புத் தண்ணீரும் உள்ள சீமை. சாதாரண இரும்பு சில வருஷங்களில் துருப்பிடித்துக் கையோடு வந்துவிடும். துருப்பிடிக்காத எஃகே போடவேண்டும். தரைக்கு வழவழப்பான டைல் வேண்டாம். ஆத்தங்குடிக் கல் அறைக்கு அழகு. குளியலறைக்குச் சொரசொரப்பான கல்தான் அழகு.

ஐயா கீழே குந்தும் பழைய முறைதான் வேண்டும் என்று கொஞ்ச நேரம் வாதாடினார். குந்தி எழுந்து காட்டுமாறு அப்பத்தா கேட்டுக்கொண்டாள். விவாதம் அதோடு முடிந்தது.

நிலைப்படி விஷயத்தில் மட்டும் நாம் தோற்றோம். அறைக்கு அறை ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் நிலைப்படி வைப்பது நம் தச்சர்களின் வழக்கம். மங்கிய கண்ணுக்கு அதைவிடப் பெரிய எதிரியில்லை. உள்ளே எங்கும் நிலைப்படி வேண்டாம் என்றோம். தலைவாசலில் மட்டும் இருந்தே தீரவேண்டும், மஞ்சள் குங்குமம் வைக்க வேறு இடம் எது என்றாள் அப்பத்தா. இருக்கட்டும். நாம் உபயோகமாகச் சொன்னது, அதன் இரண்டு பக்கமும் வெளிச்சமான விளக்கு வேண்டும் என்பதுதான். அறுபது வயதுக் கண்ணின் உட்புறத்தை எட்டும் வெளிச்சம், இருபது வயதுக் கண்ணை எட்டுவதில் மூன்றில் ஒரு பங்குதான். "தாத்தாவுக்கு மங்கலாக இருந்தால் போதும்" என்று கிழவர் அறைக்குப் பழைய பல்பைக் கழற்றி மாட்டுகிறோமே, கணக்கு நேர் எதிரானது.

எல்லாம் தீர்ந்தது என்று எழுந்திருக்கையில், ஒரு கதவு மிச்சமிருந்தது. பெரியவர்கள் அறைக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள கதவு. அதற்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

மூன்றங்குல இரும்புச் சாமான்தான். ஆனால் அந்த வீட்டின் அரசியல் சட்டமே அதில் இருக்கிறது. இரண்டு பக்கமும் வைத்தால் அது இரண்டு வீடு. ஒருநாள் கோபத்தில் இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டால் திறப்பதற்கு ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிடவேண்டும். எந்தப் பக்கமும் இல்லாவிட்டால் அது ஒரே வீடு. பேரப்பிள்ளைகள் ஐயா தூங்கும்போதும் ஓடிவருவார்கள், ஐயாவும் மருமகள் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது கூடத்துக்கு வந்துவிடுவார். கூடத்துப் பக்கம் மட்டும் வைத்தால்... அதை எண்ணிப் பார்க்கவே நமக்குப் பிடிக்கவில்லை. பெரியவர்களை உள்ளே வைத்துப் பூட்டுகிற கதவு அது. "எங்கள் பக்கம் வையுங்கள்" என்றார் ஐயா. "இராத்திரி நீங்கள் விழுந்து கிடந்தால்?" என்றார் நண்பர். இரண்டும் நியாயமே. கடைசியில், தாழ் பெரியவர்கள் பக்கம் என்றும், கூடத்துப் பக்கமிருந்து சாவி போட்டால் திறக்கக்கூடிய பூட்டாக அது இருக்கவேண்டும் என்றும், சாவி மருமகளிடம் இருக்கவேண்டும் என்றும் ஏற்பாடாயிற்று. சாவி மருமகளிடம் என்பது மாமியாரின் யோசனை. கட்டிலருகே ஓர் அழைப்பு மணியும், குளியலறையில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இன்னொன்றும் வைப்பதாகத் தீர்மானம். விழுந்தவருக்கு எட்டுகிற உயரம் அதுதான்.

இன்னுமொன்று. பாங்கிக் கடனுக்காக மனையைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள நண்பர் விரும்பினார். தான செட்டில்மெண்டு எழுதிக் கொடுக்க ஐயாவும் சம்மதித்திருந்தார். அவர்கள் நடுவே சந்தேகத்துக்கு இடமில்லை என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் ஒரு விஷயம் சொன்னோம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. தம்மைப் பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் எழுதிக் கொடுத்த சொத்தை, அப்படிப் பராமரிக்காவிட்டால் ரத்துச் செய்ய அதன் 23-வது பிரிவு இடமளிக்கிறது. அந்த நிபந்தனை இருந்தது என்பது நிரூபணமானால்தான் அந்தப் பிரிவு பயன்படும் என்று 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் அதே கோர்ட்டு, முதியவர்களுக்கு அநுகூலமாகவே சட்டத்துக்குப் பொருள் கொள்ளவேண்டும் என்று கூறி, ஒரு தாய் எழுதிய தான பத்திரத்தை ரத்துச் செய்தது. கோர்ட்டு தயவு காட்டலாம், காட்டாமலும் போகலாம். நிபந்தனையை முதலிலேயே பத்திரத்தில் எழுதிவிட்டால் அந்தத் தயவை எதிர்பார்க்க வேண்டியதில்லை. வடகிழக்குப் பகுதியில் இருவருக்கும் ஆயுள் வரையில் அநுபவ பாத்தியதை உண்டு என்றும், தங்களைப் பராமரிக்க வேண்டும் என்றும் இரண்டு வரி சேர்த்தால் போதும்.

நண்பரின் முகம் சற்று வாடியது. "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று தகப்பனாரைக் கேட்டார். ஐயா நிதானமாகச் சொன்னார்: "உன்மேல் இருக்கிறது. எனக்கு முன்னால் நீ போய்விட்டால்?" அந்தக் கேள்விக்குப் பிறகு அங்கே பேச்சு வளரவில்லை. மருமகள்தான் எழுந்து எல்லோருக்கும் காபி கொண்டுவந்தார். பத்திரத்தில் அந்த இரண்டு வரியும் எழுதப்பட்டன என்று பின்னர் அறிந்தோம். அதைப் படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகே பாங்கியும் கடன் கொடுத்திருக்கிறது.

சென்ற வாரம் மறுபடியும் போயிருந்தோம். பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. வேப்பமரத்தடியில் கார், அதன்மேல் காக்கை எச்சம். இன்னும் சிமெண்டு காயாத திண்ணையில் ஐயா சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். தெருவோடு போன இரண்டு பேர் அதற்குள் அவரோடு உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே அப்பத்தா சிறு அடுக்களையில் நின்றுகொண்டிருந்தாள். கொத்தனார் அலமாரிக் கல்லை ஆறடி உயரத்தில் பதிக்கப் போனார். "தம்பி, அது உன் உயரம்" என்று சொல்லி, அவள் கையைத் தூக்கிச் சுவரில் தனக்கு எட்டுகிற இடத்தில் ஐந்து விரலையும் வைத்துக் காட்டினாள். கொத்தனார் காதிலிருந்த பென்சிலை எடுத்து, அவள் கைக்குக் கீழே ஒரு கோடு போட்டார்.